காட்டுக்குள் ஓர் எருசலேம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

எங்கள் வரலாற்று வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்த நாள் அது. ஹிட்லரின் ஆட்சியில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர் என்றும், அவர்களுள் பதினைந்து இலட்சம் பேர் குழந்தைகள் என்றும் எங்கள் ஆசிரியை அருட்சகோதரி கரும்பலகையில் எழுதினார். வகுப்பே அமைதியாயிற்று. நான் மட்டும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன். "இத்தனை இலட்சம் பேர் இருந்தும் ஒருவர்கூடவா எதிர்க்கவில்லை, சிஸ்டர்? வெட்டக் கொண்டுபோகும் ஆடுகளைப் போலவா போனார்கள்?"

அப்படிக் கேட்டதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சிஸ்டர் கோபிக்கவில்லை, உடனே விடையும் சொல்லவில்லை. "நீயே தேடிப் பார். கண்டதை எழுதிக்கொண்டு வா. ஆடுகள் என்று சொன்னாயே, அந்த வார்த்தையை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று பிறகு நீயே முடிவு செய்" என்றார். அவ்வாறு தேடியதன் பயனே இக்கட்டுரை.

என் தேடல் ஒரு திரைப்படத்தில் தொடங்கியது. 2008 ஆம் ஆண்டில் எட்வர்டு ஸ்விக் என்பவர் இயக்கி வெளிவந்த 'டிஃபையன்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தை வீட்டில் தந்தையாருடன் அமர்ந்து பார்த்தேன். எதிர்த்து நிற்றல் என்பது அத்தலைப்பின் பொருள். அது கற்பனைக் கதையன்று. பியெல்ஸ்கி என்ற குடும்பப் பெயர் கொண்ட யூதச் சகோதரர்கள், நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய மக்களைக் காட்டுக்குள் வைத்து ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் காப்பாற்றிய உண்மை வரலாறு. நெகாமா டெக் என்ற பேராசிரியை 1993 இல் எழுதிய நூலே அப்படத்துக்கு அடிப்படை.

அந்த அம்மையாரின் வரலாறும் வியப்புக்குரியது. 1931 இல் போலந்து நாட்டின் லுப்ளின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். போர்க் காலத்தில் சிறுமியாக இருந்தபோது, கத்தோலிக்கப் பெண் என்று பெயரையும் பேச்சையும் மாற்றிக்கொண்டு, கிறிஸ்தவக் குடும்பங்களோடு வாழ்ந்து உயிர் தப்பினார். வளர்ந்து அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியை ஆனார். உயிர் பிழைத்தவர்களைத் தேடித்தேடிச் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றைப் பதிவு செய்தார். 2023 இல் காலமானார்.

கூண்டுக்குள் அடைபட்ட மக்கள்

என் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், முதலில் அம்மக்கள் இருந்த நிலையை அறிய வேண்டும். அக்காலத்தில் போலந்தின் கிழக்குப் பகுதியில் இருந்ததும், இன்று பெலாரஸ் நாட்டில் இருப்பதுமான ஒரு சிறு நகரம் நோவோகுருதெக். 1941 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் நாள் ஜெர்மனி சோவியத் ரஷ்யாவின்மீது படையெடுத்தது. சில வாரங்களுக்குள் அந்நகரம் நாஜிகளின் கையில் சிக்கியது. யூதர்கள் தங்கள் உடையில் மஞ்சள் நிற நட்சத்திரம் அணிய வேண்டும் என்று கட்டளை பிறந்தது. பிறகு அவர்களை ஒரு குறுகிய பகுதிக்குள் அடைத்து வேலியிட்டனர். அவ்வாறு அடைத்து வைத்த பகுதிக்கே 'கெட்டோ' என்று பெயர். 1941 டிசம்பரில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் சுமார் 4,000 யூதர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றனர். 1942 மே 8 ஆம் நாள் அருகிலிருந்த லிடா நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர்.

ஏன் தப்பி ஓடவில்லை? இதுவே என் முதல் ஐயம். தேடிப் பார்த்தபோது கிடைத்த விடைகள் என்னைத் தலைகுனிய வைத்தன.

ஒருவர் ஓடினால் அவருக்காகப் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே ஓட வல்லவன்கூட, தன்னால் மற்றவர் சாகக்கூடாதே என்று நின்றுவிட்டான். வயது முதிர்ந்த தாய் தந்தையரையும் கைக்குழந்தைகளையும் விட்டுவிட்டு எவ்வாறு ஓடுவது? ஓடினாலும் எங்கே போவது? யூதருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கும் மரண தண்டனை என்று நாஜிகள் அறிவித்திருந்தார்கள். போதாக்குறைக்கு, "வேலைக்குத்தான் அனுப்புகிறோம்" என்று கடைசி நாள் வரையில் பொய் சொல்லி ஏமாற்றினார்கள். இத்தனையையும் தாண்டி ஒரு மனிதன் வேலியைக் கடந்தால், வெளியே பனி உறைந்த காடுதான் அவனுக்காகக் காத்திருந்தது.

நான்கு சகோதரர்கள்

ஸ்தான்கேவிச்சே என்ற சிற்றூரில் மாவு அரைக்கும் ஆலையும் கொஞ்சம் நிலமும் வைத்துப் பிழைத்த குடும்பம் பியெல்ஸ்கி குடும்பம். அவ்வூரில் இருந்த ஒரே யூதக் குடும்பமும் அதுவே. அண்டை அயலாருடன் கலந்து பழகி வளர்ந்ததால், அவர்களுக்குப் பெலாரஸ் குடியானவர்களின் மொழியும் தெரியும். காட்டுப் பாதைகளும் தெரியும். 1941 டிசம்பர்ப் படுகொலையில் தந்தை தாவீதும் தாய் பெய்லாவும் வேறு சில உறவினரும் கொல்லப்பட்டனர். துவியா, ஸூஸ், அசாயேல் என்ற மூன்று அண்ணன்மார் காட்டுக்குள் தப்பினர். இளைய தம்பி ஆரோனுக்கு அப்போது வயது 14. தோழியரே, நம்மைவிட ஒரு வயது சிறியவன்!

1942 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் முப்பது, நாற்பது உறவினரும் நண்பருமாக அக்கூட்டம் உருவாயிற்று. போலந்துப் படையில் முன்பு பணியாற்றிய துவியாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அக்காலத்தில் அக்காடுகளில் நாஜிகளுக்கு எதிராக மறைந்திருந்து போரிட்ட படைகள் பல இருந்தன. அவர்களைப் 'பார்ட்டிசான்கள்' என்பர். ஆனால் அப்படைகள் பெரும்பாலும் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த இளைஞர்களையே சேர்த்துக்கொண்டன. கையில் துப்பாக்கி இல்லாமல் வந்த யூதர்களைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

துவியாவின் முடிவோ வேறு. ஓடி வருகின்ற யூதர் யாராயினும் சேர்த்துக்கொள்வோம் என்றார். கிழவர் வரலாம், கிழவி வரலாம், நோயாளி வரலாம், குழந்தையைச் சுமந்த தாயும் வரலாம். கூட்டத்தில் இருந்த இளைஞர் சிலர் இதை எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதும் நியாயமே. வாய்கள் பெருகினால் உணவுக்கு எங்கே போவது? நடக்க இயலாதவர்களை வைத்துக்கொண்டு எவ்வாறு ஓடி ஒளிவது? ஆனாலும் துவியா இசையவில்லை. எதிரிப் படையினர் பத்துப் பேரைக் கொல்வதைவிட ஒரு யூத மூதாட்டியைக் காப்பாற்றுவதே தமக்குப் பெரிது என்று அவர் சொல்லி வந்ததாக உடனிருந்தோர் நினைவுகூர்ந்துள்ளனர்.

அத்தோடு நிற்கவில்லை. கெட்டோக்களுக்குள் இரகசியமாக ஆள் அனுப்பி, "வந்துவிடுங்கள்" என்று அழைத்தார். கான்ஸ்தாந்தின் கொஸ்லோவ்ஸ்கி என்ற ஏழைப் பெலாரஸ் குடியானவர் அவர்களுக்கு இடையே கடிதங்களைக் கொண்டுபோனார். தப்பி வந்தவர்களைத் தம் வீட்டில் ஒளித்து வைத்துக் காட்டுக்கு வழிகாட்டினார். அகப்பட்டிருந்தால் அவர் குடும்பமே அழிந்திருக்கும். அவர் யூதரும் அல்லர், செல்வரும் அல்லர். அண்டை வீட்டாரைக் காப்பது கடமை என்று நினைத்தார், அவ்வளவுதான்.

காட்டில் எழுந்த ஊர்

1942 ஆம் ஆண்டின் இறுதியில் அக்கூட்டத்தில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தனர். 1943 இல் எழுநூறு ஆயிற்று. அவ்வாண்டு அவர்கள் நீமென் ஆற்றின் வலக்கரையில் உள்ள நலிபோகி என்ற பெருங்காட்டுக்குள் குடியேறினர். சதுப்பு நிலங்கள் சூழ்ந்த காடாதலால் எதிரிகள் எளிதில் நுழைய முடியாது.

அங்கே அவர்கள் ஒரு கூடாரத்தை மட்டும் அடித்துக்கொண்டு இருக்கவில்லை. ஓர் ஊரையே எழுப்பினார்கள்! தரையைத் தோண்டி, மரக்கட்டைகளால் சுவர் வைத்து, மேலே கிளைகளையும் மண்ணையும் பரப்பி வீடுகள் அமைத்தனர். பாதி வீடு பூமிக்குள் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சிறு மேடு போலத்தான் தெரியும். பொதுச் சமையற்கூடம் இருந்தது. மாவு அரைக்க ஆலையும், ரொட்டி சுட அடுப்புக்கூடமும், குளிப்பதற்கு ஒரு கூடமும் இருந்தன. பசுக்கள் பால் தந்தன. சிறு மருத்துவமனை ஒன்று இருந்தது. டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல் கண்டவர்களைத் தனியே வைக்க வேறொரு குடிலும் உண்டு.

தையற்காரர், செருப்புத் தைப்போர், தச்சர், தொப்பி செய்வோர், முடி திருத்துவோர், கடிகாரம் பழுது பார்ப்போர் எனப் பட்டறைகளில் 125 பேருக்கு மேல் வேலை செய்தனர். உடைந்த துப்பாக்கிகளைச் சீர்செய்யும் உலோகப் பட்டறையும் இருந்தது. சுற்றியிருந்த சோவியத் பார்ட்டிசான்கள் தங்கள் காலணிகளையும் சேணங்களையும் துப்பாக்கிகளையும் இங்கேதான் பழுது பார்த்தனர். "பயனற்ற கிழவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்?" என்று கேட்டவர்களுக்கு அந்தக் கிழவர்களின் கைத்தொழிலே விடை சொல்லிற்று! தோல் பதனிடும் கூடமே தொழுகைக் கூடமாகவும் விளங்கியது. பகலில் தோல் ஊறிய இடத்தில் மக்கள் கூடிக் கடவுளை வேண்டினர். அப்பகுதி மக்கள் அந்த ஊருக்கு 'எருசலேம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. அக்காட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. குழந்தைகளை ஒரு பூமிக் குடிலுக்குள் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினர். உலகின் மிகப் பெரிய படைகளுள் ஒன்று, அக்குழந்தைகளைக் கொல்வதற்காகவே தேடிக்கொண்டிருந்தது. அவர்களோ நாளைக்கு வாழப் போகிறவர்களைப் போலக் கல்வி கற்றுக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் வகுப்புக்குப் போகச் சலித்துக்கொள்ளும் நான் இதைப் படித்தபோது வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நாஜிகளும் சும்மா இருக்கவில்லை. துவியாவைப் பிடித்துக் கொடுப்போருக்கு ஓர் இலட்சம் மார்க் பரிசு என்று அறிவித்தனர். 1943 ஆகஸ்டில் ஏறத்தாழ இருபதாயிரம் படையினரும் காவலரும் நலிபோகிக் காட்டைச் சுற்றி வளைத்தனர். அப்போது அம்மக்கள் முதியவர்களையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு சேற்றில் நடந்து, சதுப்பின் நடுவே இருந்த ஒரு மேட்டை அடைந்து பல நாட்கள் பசியோடு பதுங்கியிருந்தனர். விடுதலைப் பயணத்தில் மோசேயின் பின்னே நடந்த மக்களின் நினைவு எனக்கு வந்தது. ஆனால் இங்கே கடல் பிளக்கவில்லை. சேற்றுக்குள்ளேயே நடக்க வேண்டியிருந்தது.

மண்ணுக்கு அடியில் ஒரு வழி

திரைப்படத்தில் காட்டப்படாத ஒரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். நோவோகுருதெக் நகரில் கடைசியாக எஞ்சிய யூதத் தொழிலாளர்களை நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிய ஒரு முகாமில் அடைத்திருந்தனர். 1943 மே மாதத்தில் அவர்களுள் பாதிப் பேர் கொல்லப்பட்டனர். மீந்தவர்கள் ஒரு சுரங்கம் தோண்டத் தொடங்கினர்.

கைக்குக் கிடைத்த கருவிகளே ஆயுதம். தச்சர்கள் மண் சரியாதபடி பலகை பதித்தனர். மின்தொழில் அறிந்தவர் சுரங்கத்துக்குள் விளக்கு எரிய வழி செய்தார். தோண்டிய மண்ணைப் பரண்மேலும் சுவர் இடுக்குகளிலும் மறைத்தனர். ஒருவர் தவழ்ந்து செல்லும் அகலமே கொண்ட அச்சுரங்கம் ஏறக்குறைய இருநூறு மீட்டர் நீண்டு, வேலிக்கு அப்பால் வயலில் போய் முடிந்தது. 1943 செப்டம்பர் 26 ஆம் நாள் இரவு, புயலும் இருளுமாக இருந்த வேளையில், இருநூறுக்கு மேற்பட்டோர் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்து வெளியேறினர். இருளில் திசை தெரியாமல் தடுமாறிய பலர் குண்டடிபட்டு இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் துவியாவின் காட்டு ஊரே.

படமும் உண்மையும்

திரைப்படத்தில் டேனியல் கிரெய்க் துவியாவாகவும், லீவ் ஷ்ரைபர் ஸூஸாகவும், ஜேமி பெல் அசாயேலாகவும் நடித்துள்ளனர். காடும் பனியும் பசியும் நேரில் பார்ப்பது போலவே இருக்கின்றன. காட்டில் நடக்கும் அசாயேலின் திருமணமும், அதே வேளையில் ஸூஸ் நடத்தும் தாக்குதலும் மாறிமாறி வரும் காட்சி மறக்க முடியாதது. எனினும் படத்தில் உள்ளதெல்லாம் நடந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. இறுதியில் சதுப்பைக் கடந்ததும் பீரங்கி வண்டியோடு நடக்கும் பெரிய சண்டை, படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. உண்மையில் துவியாவின் திறமை சண்டையைத் தேடிப் போவதில் இல்லை. மக்களைக் கூட்டிக்கொண்டு சண்டையிலிருந்து விலகிப் போவதில் இருந்தது. படத்தில் ஸூஸ் அண்ணனோடு சினந்து பிரிந்து போகிறார். உண்மையில் சோவியத் தலைமையே கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, போரிட வல்லவர்களை ஒரு படையாகவும், குடும்பங்களை மற்றொரு முகாமாகவும் ஆக்கியது.

அவர்கள் எல்லாரும் புனிதர்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. உணவின் ஒரு பகுதி அன்புள்ள குடியானவர்கள் கொடுத்தது. மற்றொரு பகுதி துப்பாக்கியைக் காட்டி எடுத்தது. அக்குடியானவர்களும் ஏழைகளே. காட்டிக் கொடுத்தவர்களைப் பழிவாங்கிக் கொன்றதும் உண்டு. கட்டளையை மீறிய ஒருவரைத் துவியா தம் கையாலேயே சுட்டதும் உண்டு. படத்தில் ஒரு காட்சி வருகிறது. அகப்பட்ட ஜெர்மானிய வீரன் ஒருவனை, பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்த மக்கள் சூழ்ந்துகொண்டு அடித்தே கொன்றுவிடுகிறார்கள். துவியா தடுக்காமல் நிற்கிறார். அக்காட்சியில் தந்தையார் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்களை மூடிக்கொண்டேன். அம்மக்களுக்கு நேர்ந்ததை அறிந்தபின் அவர்களைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தது சரி என்று சொல்லவும் வரவில்லை. கொடுமை, தான் கொல்பவனை மட்டும் அழிப்பதில்லை. பிழைத்தவன் உள்ளத்தையும் புண்ணாக்கிவிடுகிறது என்று மட்டும் உணர்ந்தேன்.

1944 ஆம் ஆண்டு கோடையில் சோவியத் படை நாஜிகளை விரட்டியது. அப்போது அக்காட்டிலிருந்து வெளியே வந்தோர் ஏறத்தாழ 1,230 பேர். அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்களும் முதியவரும் குழந்தைகளும் ஆவர். அத்தனை காலத்தில் அக்கூட்டம் இழந்தது ஏறக்குறைய ஐம்பது உயிர்களையே. அசாயேல் சோவியத் படையில் சேர்க்கப்பட்டு, போர் முடியுமுன் போர்முனையில் மாண்டார். துவியாவும் ஸூஸும் பாலஸ்தீனம் சென்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறினர். அங்கே துவியா லாரி ஓட்டிப் பிழைத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் காத்தவர் நியூயார்க் நகரத் தெருக்களில் யாரும் அறியாத மனிதராக வாழ்ந்து 1987 இல் இறந்தார். மறு ஆண்டு அவரது உடல் எருசலேம் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது.

அதே ஊரில் பதினொரு கன்னியர்

நோவோகுருதெக் நகரின் வரலாற்றைப் படித்துக்கொண்டு வருகையில் நான் எதிர்பாராத ஒன்று எதிர்ப்பட்டது. அதே ஊரில் நாசரேத்துத் திருக்குடும்ப சபையைச் சேர்ந்த கன்னியர்மடம் ஒன்று இருந்தது. 1943 ஜூலையில் நாஜிகள் அவ்வூரின் போலந்து மக்கள் நூற்று இருபது பேரைக் கைது செய்தனர். அவர்கள் கொல்லப்படுவார்கள் என்ற செய்தி பரவியது. மடத்தின் தலைவி அருட்சகோதரி மரியா ஸ்தெல்லாவும் மற்றக் கன்னியரும், "குடும்பத்தார் அவர்கள் பிழைக்கட்டும், எங்கள் உயிரை ஏற்றுக்கொள்ளும்" என்ற கருத்துடன் இறைவனிடம் தம்மை ஒப்புக்கொடுத்தனர். 1943 ஆகஸ்டு 1 ஆம் நாள் காலையில் பதினொரு கன்னியரும் ஊருக்கு வெளியே காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கைதானவர்கள் பெரும்பாலும் உயிர் பிழைத்தனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆம் நாள் அப்பதினொருவரையும் முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தினார். இவர்கள் மாண்டு இரண்டு மாதங்கள் ஆகுமுன்னரே அதே ஊரில் யூதர்கள் சுரங்கத்தின் வழியே வெளியேறினார்கள்.

பக்கத்தில் மீர் என்ற ஊர். அங்கே ஆஸ்வால்டு ரூஃபைசன் என்ற இருபது வயது யூத வாலிபர், தாம் யூதர் என்பதை மறைத்து, காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். கெட்டோவை அழிக்கும் நாளை முன்னதாக அறிந்துகொண்டு மக்களுக்குச் சொல்லிவிட்டார். பொய்த் தகவல் கொடுத்துக் காவலரை வேறு திசைக்கும் திருப்பிவிட்டார். 1942 ஆகஸ்டில் அவ்வாறு தப்பியவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர். பின்பு அவர் அகப்பட்டு, தப்பி ஓடி, காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்த கன்னியர் மடத்தில் அடைக்கலம் புகுந்தார். அக்கன்னியர் ஓராண்டுக்கு மேல் தங்கள் உயிரைப் பணயம் வைத்து அவரை மறைத்து வைத்தனர். அங்கே அவர் திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் கார்மேல் சபைக் குருவாகி, அருட்தந்தை தானியேல் என்ற பெயருடன் இஸ்ரேல் நாட்டில் பணியாற்றி 1998 இல் இறந்தார்.

இவர்களை எண்ணி நாம் மகிழலாம். ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் உண்மையில் பாதியை மறைத்தவர்கள் ஆவோம். அவ்வாறு அடைக்கலம் தந்தவர்கள் சிலரே. கதவைச் சாத்திக்கொண்டவர்களும், காட்டிக் கொடுத்தவர்களும், திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்களாகவே இருந்தனர். பல நூற்றாண்டுகளாக யூதர்மீது வளர்க்கப்பட்ட வெறுப்பும் அதற்கு ஒரு காரணம் என்று பெரியோர் எழுதியுள்ளனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில், யூதர்களை இறைவனால் தள்ளப்பட்டவர்கள் என்றோ சபிக்கப்பட்டவர்கள் என்றோ காட்டக் கூடாது என்று திருச்சபை தெளிவாகக் கற்பித்தது. நம் அன்னை மரியாளும் ஒரு யூதப் பெண்ணே என்பதை நாம் எத்தனை முறை நினைத்திருக்கிறோம்?

எதிர்ப்பு என்பது எது?

பியெல்ஸ்கி சகோதரர் மட்டுமே எதிர்த்து நின்றனர் என்பதில்லை. 1943 ஏப்ரல் 19 ஆம் நாள் வார்சா நகரின் கெட்டோவில் கிளர்ச்சி வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய மொர்தெகாய் அனியெலெவிச் இருபத்து நான்கு வயது இளைஞர். சில கைத்துப்பாக்கிகளையும் கையெறி குண்டுகளையும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மாத காலம் பெரும் படையை எதிர்த்தனர். திரெப்லிங்கா, சோபிபோர் என்ற கொலை முகாம்களிலும் 1943 இல் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். ஆஷ்விட்ஸ் முகாமில் 1944 அக்டோபரில் நடந்த கிளர்ச்சிக்கு வெடிமருந்தைச் சிறிது சிறிதாகக் கடத்திக் கொடுத்தவர்கள் இளம் பெண்கள். அவர்களுள் ரோசா ரொபோட்டா உட்பட நால்வர் 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர்.

துப்பாக்கி ஏந்தாமல் எதிர்த்தவர்களும் உண்டு. வார்சா கெட்டோவில் இம்மானுவேல் ரிங்கெல்பிளூம் என்ற வரலாற்று அறிஞர், அங்கே நடப்பதையெல்லாம் நண்பர்களைக் கொண்டு எழுதி வைத்தார். அத்தாள்களைத் தகரப் பெட்டிகளிலும் பால் பாத்திரங்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தனர். போருக்குப் பின் 1946 இலும் 1950 இலும் அவை தோண்டி எடுக்கப்பட்டன. எழுதியவர்களுள் பெரும்பாலோர் இறந்துவிட்டனர், உண்மை இறக்கவில்லை.

யானுஷ் கோர்ச்சாக் என்பவர் மருத்துவர். குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதியவர். அனாதைச் சிறுவர் இல்லம் நடத்தியவர். 1942 ஆகஸ்டில் அவ்வில்லத்தின் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளைக் கொலை முகாமுக்குக் கொண்டு சென்றனர். தாம் மட்டும் தப்பிக்க வாய்ப்பிருந்தும் அவர் மறுத்துவிட்டார். குழந்தைகள் அஞ்சக் கூடாதே என்று அவர்களோடு நடந்து சென்றார். அவர்களோடு மாண்டார். அவர் கையில் ஆயுதம் இல்லை. எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. அவரை ஆடு என்று சொல்ல எனக்கு நா எழுமா?

நான் எடுத்துவிடும் வார்த்தை

தேடி முடித்தபின் சிஸ்டரிடம் போனேன். எழுதியதையெல்லாம் படித்துவிட்டு அவர் ஒன்று மட்டும் சொன்னார். "வெட்டக் கொண்டுபோகும் ஆடு என்ற உவமை யாருடையது தெரியுமா? எசாயா இறைவாக்கினருடையது. அதை நாம் பெரிய வெள்ளிக்கிழமையன்று நம் ஆண்டவரை நினைத்துத்தான் வாசிக்கிறோம். அவரைக் கோழை என்றா சொல்கிறோம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று வகுப்பில் நான் கேட்டது கேள்வியே அன்று, தீர்ப்பு. கூண்டுக்கு வெளியே, வயிறு நிறைய உண்டு, விசிறியின் கீழ் அமர்ந்திருந்த ஒரு பெண் சொன்ன தீர்ப்பு. "அவர்கள் ஏன் எதிர்க்கவில்லை?" என்று கேட்பதற்கு முன், "மற்றவர்கள் ஏன் உதவவில்லை?" என்றல்லவா நான் கேட்டிருக்க வேண்டும்?

தோழியரே, நம் வகுப்பிலும் ஒதுக்கப்படுகிறவள் ஒருத்தி இருக்கலாம். அவளுடைய சாதியோ, வறுமையோ, பேச்சோ, நிறமோ காரணமாக இருக்கலாம். அவளை ஒதுக்குபவர் இரண்டு மூன்று பேராகவே இருப்பர். பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பவர் மீதி எல்லாரும். காட்டுக்குள் ஊர் எழுப்பும் வாய்ப்பு நமக்கு வராமல் போகலாம், வரவும் வேண்டாம். மதிய உணவு வேளையில் நம் பக்கத்தில் சிறிது இடம் விட்டு, "இங்கே வந்து உட்கார்" என்று சொல்லும் வாய்ப்பு நாள்தோறும் வருகிறது. வருகிறவர் யாராயினும் இடம் உண்டு என்பதே துவியாவின் காட்டு ஊரில் இருந்த ஒரே சட்டம். அந்த ஒரு சட்டம் 1,230 பேரை வாழவைத்தது.

ஆகவே, அருட்சகோதரி அவர்களே, நீங்கள் என்னிடம் முடிவு செய்யச் சொன்ன அந்த வார்த்தையை இந்த மலரின் வாசகர் எல்லார் முன்னிலையிலும் நான் எடுத்துவிடுகிறேன். கேட்டதற்காக வருந்துகிறேன், தேட வைத்ததற்காக நன்றி கூறுகிறேன்.